ஹம்சாவின் தாளில் நான் போட்ட டிக்

மயிலாப்பூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் மதுவந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் ஹம்சாவும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும்தான் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை அழுதாயே, அந்த ராஜினாமாவை ஆபீசில் கொடுத்துவிடாதே. ஏன் என்று போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஹம்சாவின் வளர்ச்சி பிந்துகிறதே என்று காட்டப்போன அடையாறு சென்டரில் ஜனவரியில் கொடுத்த தாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் மணி கோப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, தானே கையால் சாப்பிடுவது, வெளியே மணலில் விளையாடுவது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பது, படிக்கு ஒரு காலாக மாற்றி வைத்து ஏறுவது, எல்லாம் மூன்று வயதையொட்டி வரவேண்டியவை, தினமும் செய்யவைத்து டிக் போடுங்கள் என்றார்கள். நான் டிக் போட்டேன் மது, செய்யவைக்கவில்லை. முதல் பத்து நாள் செய்தோம். பிறகு லிஃப்ட் கெட்டது, மெட்ரோவுக்குத் தோண்டி வைத்ததில் பார்க்குக்கு ஊரைச் சுற்றிப் போகவேண்டியிருந்தது, வேலைக்கு வரும் காமாக்ஷியும் மகள் கல்யாணம் என்று நின்றுவிட்டாள். குழந்தை தானே சாப்பிட்டால் தரையெல்லாம் சோறு, துடைக்கக் குனிந்தால் எழ முடியவில்லை, அதனால் ஊட்டிவிட்டேன். மூன்று மாடி அவள் ஏறும்வரை வலியோடு நிற்பதைவிட ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று தூக்கினேன். ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து டிக் போடுவேன், நம்பும்படி இருக்க ஒன்றிரண்டு கட்டத்தைக் காலியாக விடுவேன். அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர், மூன்று மாதம் இவ்வளவு செய்தும் மாற்றம் இல்லையே, மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று உனக்கு எழுதினார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், எனக்கு என்ன தெரியும். நேற்று சென்டருக்குப் போய், பயிற்சி கொடுக்கும் வஜீஹாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று இருந்தேன். நெறைய பேர் இப்படித்தான் பண்றாங்க அங்கிள், யாரும் வந்து சொல்றதில்ல, எல்லாம் வேணாம், இப்போதைக்குச் சாப்பாடும், எப்படிக் கால் வெச்சாலும் தானா படி ஏறறதும் போதும், ஆறு வாரம் பாத்துட்டு அப்புறம் ஸ்கேன், டாக்டர்கிட்ட நான் பேசறேன் என்றாள்.

இன்று காலை படியில் விட்டேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துப் பதினோரு படி ஏறினாள். அப்புறம் திரும்பிக் கையைத் தூக்கி, தாத்தா தூக்கு என்றாள். நான் பழக்கிய பழக்கம்தானே. தூக்காமல் நின்றேன், வீறிட்டு அழுதாள், முதல் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து, இன்னா சார் கொழந்தைய அழ வுட்டுக்கினு கீறீங்க என்று கேட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து என் விரலைப் பிடித்து இழுத்தாள். வீடு வந்து சேர நாற்பது நிமிஷம்.

எனக்கு முடியவில்லை மது. இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் நீ போகாமல் நின்றுவிடுவாயே என்று பயந்தேன். பாதி நாளைக்காவது கூட ஒரு ஆள் வேண்டும், மாப்பிள்ளையிடம் கலந்து பேசு. என்மேல் கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டு, சாப்பாட்டில் மட்டும் காட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ராஜினாமா விஷயம் மறந்துவிடாதே.

புதுத் தாளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். மதியம் சோறு நான்தான் ஊட்டினேன், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். படிக்கட்டத்தில் ஒரே ஒரு டிக்தான் இருக்கிறது என்று பதறாதே. அது நடந்தது.

உன் அப்பா,
சண்முகசுந்தரம்