முனியசாமிக்கு விட்ட சேவல்

அய்யாவுக்கு, பூமிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இந்தத் தீவு நாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் இன்னும் வரவில்லை. வந்தால் கோழிகளைப் புதைக்க எங்கள் பண்ணைக்குப் பின்னால் குழி மட்டும் வெட்டியாயிற்று.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் கோழி உண்டா என்று சூப்பர்வைசர் விசாரித்தார். "ஒத்தச் சேவல்தான் சார். நான் நல்லபடியா ஊர் திரும்பணும்னு அம்மா முனியசாமிக்கு நேந்துவிட்டது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். நோயைக் கொண்டுவந்துவிடுவேன் என்று லீவை ரத்து செய்துவிட்டார்.

நான் வராமல் அதை அறுக்கக் கூடாது. அது இருக்கும்வரை நான் வர முடியாது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

மருந்தடிக்கக் கூப்பிடுகிறார்கள். சேவல் கூவுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே நாலாயிரம் பெட்டைகள், ஒன்றும் கூவாது.

பூமிநாதன்