ஞாயிற்றுக்கிழமை பம்புகள்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் போன் வந்தது. எடுத்தது வழக்கம்போல மகள்தான். நான் சமையலறையில் நின்றுகொண்டு காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பிவைத்தேன்.

"அந்த மூணாவது பம்ப் என்னாச்சுப்பா?" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மடை திறந்தாயிற்று. மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடுகிற இடத்தில், உள்ளே ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும் பம்புகள் என் வீட்டுக்காரரின் பொறுப்பு. சேறு அடைத்ததாம், எடுத்தார்களாம், மறுபடியும் அடைத்ததாம். இவள் நடுநடுவே "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்தே வண்டியை ஓட்டிவிடுவாள்.

கடைசியில் போன் என் கைக்கு வந்தது. எனக்கு எப்போதும் பேச்சின் வால்தான். எல்லாம் சரிதானே என்றார். சரிதான் என்றேன். உடம்பு எப்படி என்றேன். இருக்கு என்றார். சைட்டில் ஒரு மேட்டின் மேல் ஏறினால்தான் சிக்னல், அங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், வைக்கட்டுமா என்றார். பம்ப் கதை ஓடும்போது அந்த வரிசை எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

வைப்பதற்கு முன் சொன்னார்: "இவ பிறவி எஞ்சினியர். நீ வேணா பாரு."

மார்ச் 6, புதன்

மகளுக்குப் பன்னிரண்டாவது முடியப்போகிறது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "அடுத்து எஞ்சினியரிங்தானே?" என்கிறார்கள். அவளும் தலையை ஆட்டுகிறாள். இன்று ஆட்டும்போது முகத்தைப் பார்த்தேன். பல் டாக்டரிடம் வாயைத் திறக்கிறவர்களின் முகம்.

அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 9, சனி

அவள் அறையில் ஃபேன் நின்றுவிட்டது. எங்கள் பிறவி எஞ்சினியர் என்ன செய்தாள்? சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து கழற்றி வேலை பார்த்தார். ஃபேனுக்குள் என்ன இருக்கிறது என்று இவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஏணியை மடக்குவதற்குள் அவர் மனைவிக்குப் பிரசவம் ஆனது, பிள்ளை பகலில் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருப்பது, மாமியாருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். வருஷக்கணக்கில் வீட்டுக்கு வருகிற மனுஷர், என்னிடம் "மெயினை ஆஃப் பண்ணுங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் பேசியதில்லை.

ஃபேன் இப்போது ஓடுகிறது. கூடவே டக் டக் என்று ஒரு சத்தம்.

மார்ச் 10, ஞாயிறு

வால் எனக்கு வந்ததும் துணிந்து கேட்டேன். இவளுக்கு நிஜமாகவே எஞ்சினியரிங் பிடித்திருக்கிறதா, கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாமா என்று. கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"இன்னொருத்தரும் வெளியூர் போயிடுவாங்கன்னு உனக்குப் பயம். அதுக்காக அவ மனசைக் கலைக்காதே."

பயம்தான். இல்லேன்னு யாரு சொன்னா? ஒருத்தரை மலைக்கு அனுப்பிட்டு வாரத்துக்கு ஒரு தடவை 'சரிதானே'ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறவளுக்குப் பயம் இல்லாம என்ன இருக்கும்? கட்டில்ல அவர் பக்கத்துல துவைச்ச துணியைக் குவிச்சு வெச்சிருக்கேன். மடிக்க நேரமில்லாம இல்லே. காலியா கெடக்கறதைப் பாக்க முடியலை. இதைப் போன்ல சொல்லவா முடியும், பின்னாடி அத்தனை பேரு நிக்கறப்போ.

ஆனால் ஃபேன் விஷயம் பயத்தில் வந்ததல்ல. கண்ணால் பார்த்தது.

மார்ச் 13, புதன்

விண்ணப்பம் போட மே கடைசி வரை நேரம் இருக்கிறது. அதுவரை நானும் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்கப்போகிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே மெஷினுக்கு இன்று சர்வீஸ். வருகிற சர்வீஸ் எஞ்சினியர் சின்னப் பெண், படு சுறுசுறுப்பு. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, ஒருநாள் கூட நின்று பார்க்கட்டுமா என்று முன்னமே கேட்டு வைத்திருந்தேன். தாராளமாக என்றது அந்தப் பெண்.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் போயிற்று. மெஷினைத் திறந்து வைத்து அது சொல்லச் சொல்ல இவள் "அப்புறம்?" போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டு வேலையில் இறங்கியது. நான் ஃபிலிம் அறைக்குப் போய்த் திரும்பினால் மகளைக் காணோம்.

வெளியே நடைபாதையில் இருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சு போன ஒருவர், மெஷின் தயாராகட்டும் என்று சக்கர நாற்காலியில் காத்திருந்தார். அவருக்கு வருவது ஒரே வார்த்தை, "போ". தண்ணீரா என்றால் போ, போர்வையா என்றால் போ. அவருடைய மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்து சுவரோடு சாய்ந்துவிட்டார். இவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஒன்றொன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இன்னொரு கையின் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தது.

"வாட்சா தாத்தா?"

மனைவியின் பைக்குள் இருந்தது. கட்டிவிட்டார்கள். அவர் மறுபடியும் "போ" என்றார், ஆனால் இந்த முறை அதற்கு வேறு அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாளுக்கும்தான்.

கிளம்பும்போது சர்வீஸ் எஞ்சினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "உங்க பொண்ணு நல்லா கேள்வி கேக்கறா மேடம். ஆனா பதிலைக் கேக்கலை. சொல்றவங்க மூஞ்சியைத்தான் பாக்கறா. எனக்கெல்லாம் அந்த வயசுல கையில இருக்கற ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினா அழுவேன்."

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று சமையலறைக்குப் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்தேன். போன் பேசும்போது மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. அவர் சொல்வதைப் பின்தொடர்கிற முகமில்லை அது. வெயிலில் நடந்து வந்து நிழலில் உட்கார்ந்த முகம். பேச்சு தீரப்போகிறது என்று தெரிந்தபோது, போன மாதம் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாள். அவரும் முதல் தடவை சொல்வதுபோலவே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வைத்தபின் கேட்டேன், அந்தப் பம்ப் உனக்குப் புரிகிறதா என்று. புரியாது என்றாள். பின்னே எதற்காகக் கேட்கிறாய் என்றேன். ரொம்ப நேரம் போன் உறையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா 'நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடு'ன்னுடுவார். பம்பைக் கேட்டா பேசுவார். சின்ன வயசுலயே கண்டுபிடிச்சுட்டேன்."

உறையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எஞ்சினியரிங் வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட என்னம்மா பேசறது?"

பதில் இருந்தால் நான் ஏன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். சின்னப் பிள்ளைபோல மடியில் சாய்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 8, திங்கள்

நாள் முழுக்க ஊரார் நெஞ்சைப் படம் பிடிக்கிறேன். வீட்டில் இருந்தது தெரியவில்லை. நல்ல டெக்னீஷியன் நான்.

ஏப்ரல் 25, வியாழன்

அந்த வாட்ச்காரத் தாத்தா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறார். மகள் தானாகவே போய், பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் மூலையில் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, உதட்டைக் குவி, நாக்கை மடி என்று பாடாய்ப் படுத்துகிறாள். பல் விளக்கும்போதும் 'ழ' சொல்கிறாள், வாயெல்லாம் நுரை.

சாப்பிடும்போது நான் கேட்காமலேயே பேசினாள். வாட்ச்காரர் இன்று மனைவியின் பெயரில் பாதி சொன்னாராம். மீதிப் பாதி அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறாள், என்னவோ பார்சலில் வருகிற மாதிரி.

இதற்கென்று படிப்பு இருக்கிறதாம். எங்கே, எத்தனை வருஷம், என்ன மதிப்பெண் வேண்டும், எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். அப்பாவிடம் நான் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், நேரில் வரும்போது தானே சொல்வதாகச் சொன்னாள்.

மே 11, சனி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். காதோரம் நரை கூடியிருக்கிறது. கட்டிலில் இருந்த துணியையெல்லாம் அள்ளி நாற்காலியில் போட்டேன். இப்போது நாற்காலியில் உட்கார இடமில்லை. பரவாயில்லை.

அப்பாவும் பெண்ணும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சே இல்லை. நேரில் இருக்கும்போது பம்பைக் கேட்க இவளுக்கும் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. அவர் தோளில் இவள் தலை. நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

மே 14, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். எஞ்சினியரிங் வேண்டாம், பேச்சுப் பயிற்சிப் படிப்பு படிக்கிறேன் என்று. குரல் நடுங்கவில்லை. சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்போ இத்தனை வருஷமா கேட்டதெல்லாம்?"

"உங்க குரலைக் கேக்கத்தான்பா."

எழுந்து போய்க் கையைக் கழுவினார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அதன்பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். எதுவுமே ஒழுகவில்லை.

மகள் அறைக்குள் போய்விட்டாள். நான் யார் பக்கம் போவது என்று தெரியாமல் பாத்திரத்தின் பக்கம் போனேன்.

மே 16, வியாழன்

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து க்ளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வாட்ச்காரருக்கு மகள் செய்தது நினைவு வந்தது. நானும் அவசரப்படாமல் ஈரத் துணியை உதறிக்கொண்டு நின்றேன்.

"எனக்கே அலுத்துப்போன பம்பு அது," என்றார். "அவளுக்குப் பிடிக்கும்னு வாரம் பூரா யோசிச்சு வெச்சுக்குவேன். ஒண்ணும் ரிப்பேர் ஆகலைன்னா நானே எதையாவது கட்டிவிடுவேன். அந்த மூணாவது பம்பு பாதி நாள் நல்லாத்தான் ஓடிச்சு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்குச் சொல்லப் பிடிக்கும் என்று இவள், இவளுக்குக் கேட்கப் பிடிக்கும் என்று அவர். இரண்டு பேருக்கும் வேண்டாத பம்பை வைத்து வருஷக்கணக்கில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. உலர்த்த வந்த துண்டிலேயே முகத்தைத் துடைத்தேன்.

"அதை விட்டா எனக்குப் பேச என்ன இருக்கு?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

மே 19, ஞாயிறு

கிளம்பிவிட்டார். பேச்சுப் பயிற்சிக் கல்லூரிக்கு மகள் விண்ணப்பம் போட்டாள், அப்பாவின் கையெழுத்தோடு. கையெழுத்துப் போட்டுவிட்டு "சரி" என்றார். அதைத் தாண்டி ஒன்றுமில்லை. பையைத் தூக்கும்போது அவள் தலையில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார்.

நாற்காலியில் இருந்த துணி மறுபடி கட்டிலுக்கு.

மே 26, ஞாயிறு

போன் வந்தது. எப்படி இருக்கீங்கப்பா என்றாள். நல்லா இருக்கேன் என்றிருப்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. பிறகு போன் என்னிடம் வந்தது. மகள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு அம்மா கெட்டிக்காரத்தனமாக உண்மையைத் தோண்டி எடுத்தாளே, இப்போது யாருக்கு என்ன கிடைத்தது? பொய்ப் பம்பாவது ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 2, ஞாயிறு

போன் வரவில்லை. மலையில் மழையாம், மேட்டில் ஏற முடியவில்லையாம். குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மகள் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள்.

பேச்சுப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று முந்தாநாள் வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் நல்லவேளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லாவிட்டால் இன்று நானே போய் எஞ்சினியரிங்கில் சேர்த்துவிட்டிருப்பேன்.

ஜூன் 9, ஞாயிறு

போன் வந்தது. மகள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார் என்பது அவள் புருவம் ஏறியதில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஒரு சந்தேகம்," என்கிறார் அவர். "பேச்சு போனவருக்குத் தொண்டையில ஒண்ணும் பழுதில்லேன்னா, வார்த்தை எங்கதான் அடைச்சுக்குது?"

இவள் சொன்னாள். தொண்டை, மூளை, பக்கவாதம், எது போகும், எது மிச்சம் இருக்கும். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கையை ஆட்டி ஆட்டி. அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. இவள் நின்ற இடத்திலெல்லாம் போனிலிருந்து அந்தக் குரல் வந்தது, "அப்புறம்?" இவள் பெருக்கெடுத்து ஓடினாள். வாட்ச்காரர் மனைவியின் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது கண்ணை மூடவில்லை, போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு ஸ்பீக்கர் அணைந்து, போன் எனக்கு வந்தது. எல்லாம் சரிதான், வரிசையில் ஆள் நிற்பார்கள், வையுங்கள் என்று நானே சொன்னேன்.

"நிக்கட்டும்," என்றார். "நீ பேசு."

என்ன பேச? ஃபேன் இன்னும் டக் டக் என்கிறது என்றேன். எக்ஸ்ரே அறையில் புது விளக்கு போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்புறம் என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, கட்டிலில் அவர் பக்கத்தில் துணியைக் குவித்து வைத்திருப்பதையும், அது எதற்காக என்பதையும் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்புறம்?" என்றார்.

மகள் எழுந்து, சத்தமில்லாமல் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சமையலறைக்குப் போயிருப்பாள். காதை இங்கே விட்டுவிட்டுப் போனாளோ என்னவோ, போகட்டும்.

போன் சூடாகிவிட்டது. இன்னும் காது வலிக்கிறது. வலிக்கட்டும்.