சொல்தா வண்டிக்குப் பூசிய பச்சை

சம்பந்தி,

இன்று காலை கடையில் தரையில் சிந்திய பெயிண்டைத் துடைக்கப் பழந்துணி தேடினேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கையில் வந்தது என் அரைக்கைச் சட்டை. தோளிலிருந்து பை வரைக்கும் பச்சைத் தெறிப்பு. முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் கடைக்காரன் மூக்குக்குத் தின்னர் வாசனை எப்போதோ மரத்துப்போய்விட்டது. ஆனால் இந்தச் சட்டையில் தின்னரோடு டீசலும் உங்கள் தோப்பின் ஈரமண்ணும் சேர்ந்து வீசியது. பிரஷ் வாங்க வந்த ஒருவர், "இன்னாங்க, சட்டைய மோந்துக்கினு நிக்கிறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, துடைக்க வேறு துணி எடுத்தேன்.

நீங்கள் ஐப்பசி மழையில் போனீர்கள். இப்போது தை வெயில் அடிக்கிறது. அழுகிற நாட்களெல்லாம் முடிந்துவிட்டன. இப்போது உங்களை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புதான். அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மகனுக்கும் என் வசந்திக்கும் கல்யாணம் ஆன புதிதில் நம் இருவருக்கும் பேச ஒன்றுமே இருந்ததில்லை, நினைவிருக்கிறதா? நான் திருக்கனூர்க் கடைத்தெருவில் பிறந்து அங்கேயே கல்லாவில் உட்கார்ந்தவன். நீங்கள் குருவிநத்தத்தில் தென்னையும் வாழையுமாக இருந்தவர். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து முடிவு செய்த கல்யாணம். நாம் இருவரும் மறுக்கவில்லை, மகிழவும் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை பார்த்துக்கொண்டால், "மழ எப்படி உங்க பக்கம்?" என்பீர்கள். "பரவால்லீங்க" என்பேன். அதோடு சரி.

வசந்திக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியபோது, ஐந்தாம் மாதத்திலேயே டாக்டர் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டார். எழுந்து நடக்கக் கூடாது, வண்டியில் ஏறவே கூடாது. தாய்வீட்டுக்கு அழைத்து வரலாம் என்றால், அங்கே தாய் இல்லை. என் மனைவி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அதனால் நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். திருக்கனூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, பாகூர்ப் பக்கம் போகிற வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சாப்பிட உட்காரவே எனக்குக் கூச்சம். சம்பந்தியம்மா இலை போட்டால், பாதி வயிற்றோடு எழுந்துவிடுவேன். வசந்தி ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வயிற்றில் கை வைத்தபடியே இருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். கூடத்தில் நாம் இருவரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு ஞாயிறு நான் வந்தபோது நீங்கள் கூடத்தில் இல்லை. வாசலுக்கு எதிரே, களத்து ஓரப் புங்கமரத்தடியில் குனிந்து நின்றிருந்தீர்கள். உங்கள் முன்னால் அந்தக் குட்டி டிராக்டர். இடுப்பு உயரம்கூட இல்லை. கொட்டகையில் தேங்காய் மட்டைகளுக்கு அடியில் கிடந்ததை இழுத்து வந்திருந்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா ஒருவர், தன் வீட்டுத் தோட்டத்துக்கென்று கப்பலில் கொண்டுவந்ததாம். அவர் திரும்பவும் பிரான்சுக்குப் போய் மகனோடு தங்கிவிட்டபோது நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஊரில் அதற்குப் பெயரே சொல்தா வண்டி. எஞ்சின் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. உடம்புதான் பார்க்கச் சகிக்கவில்லை. யார் யாரோ அடித்த சிவப்பு, அதன்மேல் நீலம், அதன்மேல் துரு.

"சம்பந்தி, நீங்க பெயிண்ட் கடைதானே? இதுக்கு இன்னா அடிக்கலாம்?" என்று கேட்டீர்கள்.

என் வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் விற்றவன் நான். ஒரு கதவுக்குக்கூட என் கையால் அடித்ததில்லை. அதை உங்களிடம் சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கம் அச்சடித்திருப்பதை மனப்பாடமாக ஒப்பித்தேன். துருவை எடுக்கணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பிரைமர், பிறகு எனாமல். நீங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறு கடையிலிருந்து எல்லாவற்றையும் பையில் சுமந்து வந்தேன்.

நாம் அடித்த முதல் பூச்சை மறக்க முடியுமா? துருவைப் பாதி சுரண்டி, பழைய நீலத்தின் மேலேயே பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பானெட் முழுக்கச் சுருங்கி, காய்ச்சிய பாலின் ஆடையைப் போல எழும்பி நின்றது. நீங்கள் விரலால் தொட்டீர்கள். தோல் தோலாகக் கையோடு வந்தது.

"இன்னா சம்பந்தி இது, ஆடை கட்டுது?"

"எனக்கும் தெரியலீங்க" என்றேன். முதல் முறையாக உண்மையைச் சொன்னேன்.

வாசலைப் பார்த்திருந்த ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வசந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. "ரெண்டு பேருக்கும் தெரியாதா? தெரியாமத்தான் இவ்ளோ நாளா பண்ணிக்கினு இருந்தீங்களா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "வயித்த குலுக்காதடி! நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க" என்று நம்மைத் திட்டினார்கள். நாம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றோம். உங்களுக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

மறுபடி முதலிலிருந்து சுரண்டினோம். இந்த முறை தகரம் தெரிகிற வரைக்கும். டூல் பெட்டியின் மூடித் தகட்டைக் கழற்றியபோது, வெயிலும் மழையும் படாத ஒரு துண்டு நிறம் அதன் உட்பக்கத்தில் அப்படியே இருந்தது. பச்சை. ஆனால் என் கடையில் இருக்கிற எந்தப் பச்சையும் இல்லை. ஷேடு கார்டில் தேடினேன், கிடைக்கவில்லை. நீங்கள் அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் காட்டினீர்கள்.

"வாழக்குருத்து மாதிரி இருக்குது மாமா" என்றாள் வசந்தி.

அன்றிலிருந்து அதுதான் வேலை. பச்சையில் மஞ்சள் கலப்பது, வெள்ளை கலப்பது, டப்பா மூடியில் பூசிக் காயவைப்பது. ஈரத்தோடு ஜன்னல் பக்கம் கொண்டுவரக் கூடாது, வாடை அவளுக்கு ஆகாது என்பது சம்பந்தியம்மாவின் கட்டளை. தின்னர் டப்பாவைத் திறந்தால் ஜன்னல் சாத்தப்படும். காய்ந்த மூடிகளை நீங்கள் தட்டில் வடை அடுக்குவது போல அடுக்கிக் கொண்டுபோவீர்கள். அவள் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது கிளி... இது வேணாம்... இதுல இன்னும் கொஞ்சம் மஞ்ச" என்பாள். நான் வராத நாட்களில் நீங்களே கலப்பீர்கள். ராத்திரி போனில் அவள் எனக்கு விவரம் சொல்வாள். முன்பெல்லாம், "எப்டிம்மா இருக்க?" என்றால், "இருக்கேம்பா" என்று முடித்துவிடுவாள். இப்போது பேச்சு முழுக்கப் பச்சையாகவே இருந்தது.

இரண்டு மாதம் இப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "பாகூர்ல பட்டறை இருக்குதே. விட்டா ரெண்டே நாள்ல ஸ்ப்ரே அடிச்சிக் குடுத்துடுவான். நாம எதுக்கு இப்பிடி மெனக்கெடணும்?" என்று கேட்டேன்.

நீங்கள் உப்புத்தாளை மடித்துக்கொண்டே, ஜன்னல் பக்கம் கேட்காதபடி சொன்னீர்கள்: "ரெண்டு நாள்ல முடிஞ்சிட்டா, மீதி நாளு பூரா பொண்ணு இன்னாத்த பாத்துக்கினு படுத்திருக்கும்?"

கொட்டகையில் இருந்ததை ஏன் ஜன்னலுக்கு எதிரே இழுத்து வந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெற்றவன் நான், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அவள் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தீர்கள். கீழே உட்கார்ந்து மட்கார்டைத் தேய்க்கத் தொடங்கினேன். அன்று மத்தியானம் சம்பந்தியம்மா போட்ட இலையில் இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கினேன். புதன்கிழமைகளிலும் வர ஆரம்பித்தேன்.

கடைசிப் பூச்சு அடித்த நாள். பானெட் முடிந்து, வலது மட்கார்டு முடிந்து, இடது மட்கார்டில் பாதி வந்திருந்தோம். சாத்தியிருந்த ஜன்னல் திறந்தது. "மாமா!" என்று வசந்தியின் குரல். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் அப்பா என்று கூப்பிடவில்லை, மாமா என்றுதான் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அது மனதில் படவில்லை. பிறகு நினைத்தபோது, என் பெண் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று நிறைவாக இருந்தது.

பிரசவத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, அதற்குள் வலி எடுத்துவிட்டது. காரில் புதுச்சேரிக்குப் போகிற வழியெல்லாம் நீங்கள் முன்சீட்டில் டிரைவரிடம், "மேடு பள்ளம் பாத்து போ நைனா, மேடு பள்ளம் பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் நம்மை நிறுத்தினாள்.

"இன்னா தாத்தா, ரெண்டு பேரு கையும் பச்சையா இருக்குது?"

"வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்தோம்மா."

"பெயிண்டோட உள்ள வரக் கூடாது. போயி கழுவிக்கினு வாங்க."

குழாயடியில் நின்று சோப்புப் போட்டுப் போட்டுத் தேய்த்தோம். போகவில்லை. மண்ணெண்ணெய் இருந்தால் போயிருக்கும். அங்கே எங்கே கிடைக்கும்? உள்ளே யாரும் எதுவும் சொல்லாத அந்த நேரத்தில், நீங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, "வண்டி பாதியில நிக்குது சம்பந்தி" என்றீர்கள். "நிக்கட்டும்" என்றேன். அப்போது உங்கள் தோள் குலுங்கியது. நான் என் பச்சைக் கையை உங்கள் முதுகில் வைத்தேன். அதுவரை நாம் தொட்டுக்கொண்டதில்லை.

பெண் குழந்தை. எடை குறைவு என்று கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தேறிவிட்டாள். நம் இருவரையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். "மூக்கு எங்க வூட்டு மூக்கு" என்றீர்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூக்கே சரியாகத் தெரியாத குழந்தைக்காக லிப்டு வரும்வரை சண்டை போட்டோம்.

திரும்பி வந்து மிச்சப் பாதியை அடித்தபோது, டப்பாவில் கலந்து வைத்தது இறுகிப்போயிருந்தது. புதிதாகக் கலந்தோம். நிறம் சேரவில்லை. இடது மட்கார்டில் நடுவே கோடு போட்டது போல இரண்டு பச்சை. வசந்தி வீடு திரும்பியதும் குற்றவாளிகளைப் போல அவளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அத்தனை மூடிகளைத் தள்ளியவள், குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது மாமா. பாப்பாவுக்குப் பசி" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உங்களுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம்!

அதன்பிறகு வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி ஏற்றிவிட்டீர்கள். நேராக வாழைக்குள் விட்டேன். ஒரு தார் போனது. நீங்கள் திட்டவில்லை. அதைப் பழுக்கவைத்துத் திருக்கனூருக்குக் கொடுத்தனுப்பினீர்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், தோப்பிலிருந்து வந்து சாப்பிட்டு எழுந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எனக்குச் செய்தி வந்து நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று நல்ல மழை. சடங்குகள் முடிந்ததும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமையே சம்பந்தியம்மா போன் செய்து, "அண்ணே, கருவாடு எடுத்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம மறந்துடாதீங்க" என்றார்கள்.

மறக்கவில்லை. இப்போதும் வருகிறேன். மாப்பிள்ளையோடு தோப்புக்குப் போகிறேன். வாழைக்குள் விடாமல் ஓட்ட வந்துவிட்டது. சேற்று நாற்றம், அடிமட்டை சீவுகிற சத்தம், சம்பந்தியம்மாவின் அதட்டல், பேத்தியின் பிடிவாதம் எல்லாம் எனக்குப் பழகிவிட்டன. கல்லாவில் மட்டுமே இருந்து செத்திருக்க வேண்டியவன் நான்.

போன ஞாயிறு தேங்காய் ஏற்ற லாரி வந்திருந்தது. புதிதாக வந்த டிரைவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சுக்குக் கேட்டார்: "பெரியவரே, நீங்க எந்த ஊரு?"

"இதே ஊருதான். குருவிநத்தம்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திருத்தவில்லை. திரும்பவும் குனிந்து எண்ணத் தொடங்கினார்.