முகப்புத்தாளில் ஓர் ஓட்டை

மொட்ட மாமா,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் திரும்பிப் பார்ப்பாய். நேற்று நம் மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முகப்புத்தாள் தைத்து முடித்தேன். நீ கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் தடவை. இந்த வருடம் புதுச் சட்டமாம், ஒரு தையலும் பிரிக்கவில்லை என்று தைத்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். டீச்சர் பேனாவையும் மைப்பெட்டியையும் சேர்த்தே நீட்டினார். அந்த ஊதா மை வாசனையில் உன் கட்டைவிரல் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

அந்த வருடம் நினைவிருக்கிறதா? நீ மெஷினில் உட்கார்ந்திருந்தாய், நான் தாள் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையின் படம், பேர், நம்பர் போட்ட தாளை விடைத்தாளின் மேல் வைத்துத் தைக்க வேண்டும். பாடவாரியாக அடுக்கியிருந்ததை நான்தான் கலைத்தேன். துணி தைக்கிற புத்தி. ஒருத்தர் துணியெல்லாம் ஒரே மூட்டையில் இருந்தால்தான் நமக்கு மனசு ஒப்பும். அப்படியே ஒரே முகத்தை ஒன்றாகச் சேர்த்தேன். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் கணக்கு முகப்புத்தாள், கோடு போட்ட தமிழ் விடைத்தாளில் ஏறிவிட்டது.

பிரித்துத் தைத்த ஓட்டை தெரிந்தால் தாளை மாற்றியதாகச் சந்தேகம் வரும், அந்தப் பிள்ளையைத்தான் விசாரிப்பார்கள் என்று டீச்சர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"டீச்சராண்ட சொல்லிடலாம்மே," என்றாய்.

"சொன்னா அடுத்த வருசம் நம்மள உள்ளயே வுட மாட்டாங்க. மொட்டத் தலைய ஆட்டாம வேலையப் பாரு."

"தப்பு பண்ணது நீ, திட்டு எனக்கா?"

பிளேடால் பிரித்தாய். சரியான விடைத்தாளில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, முகப்புத்தாளின் பழைய ஓட்டைகளிலேயே ஊசியை இறக்கினாய். ஒன்று மட்டும் தப்பிவிட்டது. கடுகளவுகூட இல்லை. ஆனால் இருந்தது.

ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று, நானே போய்ப் பார்க்கப் பயந்து, அவள் பேரைச் சொல்லி உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "பலகையில ஒட்டிக்கீறாங்க. நானே பாத்தேன். அந்தப் பொண்ணு கணக்குல பாஸு. மொதல்ல துன்னு," என்றாய். தின்றேன். இத்தனை வருடமும் நிம்மதியாகத் தின்றேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வருடத்துக்கு அது பொய்யில்லை. டீச்சர் மைப்பெட்டியை மூடி வைத்தார். அப்போதுதான் உறைத்தது. அஞ்சாவது படித்த நானே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நீ கைநாட்டு. அடையாறு பஸ்ஸா, தி.நகர் பஸ்ஸா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாய்.

அப்புறம் தைத்து வைத்த ஒவ்வொரு விடைத்தாளையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கிளம்பினேன். அந்த ஒற்றை ஓட்டை எல்லாத் தாளிலும் தட்டுப்படுகிற மாதிரியே இருந்தது.

அந்தப் பலகையை உனக்கு யார் படித்துச் சொன்னார்கள், மாமா?