மூங்கில்மலை ரயிலும் மச்சானுக்குச் சொன்ன புளுகுகளும்

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் போகிற வேகத்தை விமானப்படைக்காரர்கள் பார்த்தால் வீடு தேடி வந்து சல்யூட் அடிப்பார்கள். அக்கா நூர்பானு மட்டும், "ஏன்டா, மாட்டுவண்டிக்குப் பின்னாடியே வந்தியா? சோறு ஆறிப்போச்சு" என்றாள். ஆண்டாள் தேர் நிலைக்கு வந்த பிறகும் ஊரில் கூட்டம் குறையவில்லை, நான் என்ன செய்ய!

வெள்ளி மதியம் அக்கா வீட்டில் சோறு. சோற்றுக்குப் பின் 'மூங்கில்மலை ஸ்டேஷன்'. வாரம் ஒரு பகுதி வருகிற மர்மத் தொடர். 1989-ல் ஒரு ரயில் மலைக்குகைக்குள் போகிறது. வெளியே வரும்போது ஒரு பெண் மட்டும் இல்லை. இன்றைக்கு அந்த வழக்கைத் தோண்ட வரும் இன்ஸ்பெக்டர் தாரிணி, ஸ்டேஷன் சுவரில் தொங்கும் பழைய போட்டோவில் அந்தப் பெண்ணைப் பார்க்கிறாள். அச்சு அசல் தன் முகம்! அவ்வளவுதான், நாட்டில் பாதிப் பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு இதையே பேசுகிறார்கள்.

அக்கா மகள் ஃபாயிஸா இந்தத் தொடருக்காக போனில் ஒரு குழுவே நடத்துகிறாள். அவள் கட்சி: காலப்பயணமும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது, போட்டோவில் இருப்பது தாரிணியின் அம்மா. என் கட்சி காலப்பயணம். எந்த மாதிரிக் காலப்பயணம் என்பதை வாரத்துக்கு ஒரு தரம் மாற்றிக்கொள்வேன். பன்னிரண்டு தறி ஓட்டி, உலகத்துக் காயங்களில் பாதியைத் தன் பேண்டேஜ் துணியால் கட்டிவைத்திருக்கும் ஜமால் முகமதுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இன்றைய கண்டுபிடிப்பு: தாரிணியின் மணிக்கட்டில் இருந்த கட்டு என் தறித் துணி. 1989 போட்டோவிலும் அதே கட்டு. ஆகவே என் சரக்கு காலம் கடந்து டெலிவரி ஆகியிருக்கிறது.

"மாமு, அப்போ உங்களுக்கு மீசையே முளைக்கல" என்றாள் ஃபாயிஸா.

"அதத்தான் சொல்றேன்! நான் பொறந்ததே ஒரு காலப் பிழை."

எல்லோரும் சிரித்தோம். மச்சான் மட்டும் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

என் மச்சான் அப்துல் ரஹ்மான், அக்காவின் கணவர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நோன்பு மாதத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் முகத்தின் வலது பாதியும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. நடை திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. அந்தக் குரல் — "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மைக்கில் அவர் ஆரம்பித்தால், ஆவின் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நிற்கும்! கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 2, சனி

முப்பது வருஷமாக நான் ஒரு பொய் சொன்னால் அதைத் திருத்தாமல் மச்சான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நேற்று நான் சொன்ன பொய்கள் எல்லாம் அநாதையாக நின்றன.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி தரும் யோகேஸ்வரி அம்மாவிடம் மச்சானைக் கூட்டிப் போவது இன்று என் முறை. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், அவருக்குப் பேச்சு இருக்கு. வார்த்தை கோணலா வருதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. பேசப் பேசத்தான் வரும். இப்படியே விட்டா, வரவேண்டியதும் வராமப் போயிரும்."

இதை அக்காவிடம் எப்படிச் சொல்ல? சொன்னேன். அவள் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "ஊருக்கே சத்தம் குடுத்த மனுசன்டா" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலாற்றுச் சிறப்புமிக்க நாள்!

தொடரில் பழைய காலத்து ஸ்டேஷன் மாஸ்டர், பிரம்பு வளையம் ஒன்றை ஓடும் வண்டியின் டிரைவரிடம் நீட்டுகிறார். டோக்கன். ஒற்றைத் தண்டவாளத்தில் அது கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக்கூடாது. இந்த வீட்டில் பூனைக்குக்கூட இது தெரியும், மச்சான் அத்தனை தரம் சொல்லியிருக்கிறார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "பாத்தியா ஃபாயிஸா, அது டீ டோக்கன். டிரைவர் அடுத்த ஸ்டேஷன்ல அதக் குடுத்து டீ வாங்குவாரு. அந்த டீ 1989-ல போட்ட டீ. அதக் குடிச்சதாலதான் வண்டியே பின்னோக்கிப் போயிருது."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"ப்ச்."

நான் திரும்பவே இல்லை. திரும்பினால் மச்சான் உஷாராகிவிடுவார். ஆனால் ஒன்று புரிந்தது. பாசத்தால் திறக்காத வாய் கோபத்தால் திறக்கும். இனி என் ஆயுதம் பொய். அதிலும் ரயில் பொய்!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தறிச் சத்தத்துக்கு நடுவில் பொய் தயாரிக்கிறேன். பேக்கிங்கில் இருக்கும் மாரிசெல்வி கேட்டாள்: "மொதலாளி, என்ன தானாப் பேசுறிய?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி பண்றவுக ரோலை உருட்டிக்கிட்டே பண்ணலாம்ல? லோடு நிக்கி."

உலகம் மேதைகளை இப்படித்தான் நடத்துகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று விட்ட பொய்கள்: சிவப்புக் கொடியைக் காட்டினால் வண்டி வேகமெடுக்கும். செங்கோட்டை லைன் குகையில் ராத்திரியானால் நேற்றைய வண்டி இன்னொரு தரம் போகும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் மதியம் தூங்குவதால்தான் காலத்தில் ஓட்டை விழுகிறது.

கடைசியைச் சொன்னதும் மச்சானின் இடது கை நாற்காலிக் கையை ரெண்டு தட்டு தட்டியது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல முறுக்கு தின்றேன்.

ஃபாயிஸாவின் முகம் மட்டும் சரியில்லை. குழுவில் யாரோ என் டீ கொள்கையைப் பாராட்டியிருக்கிறார்கள், அந்தப் பொறாமை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுத மனசில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்று தாரிணி குகைக்குள் போனாள். வெளியே வந்தால் 1989 பிளாட்பாரம்! காலப்பயணம் ஜெயித்துவிட்டது என்று நான் குதித்தேன். நாற்காலியில் ஏறி, முறுக்கு டப்பா மூடியை மைக்காகப் பிடித்து, மச்சான் குரலிலேயே — அந்தக் குரல் எனக்கு அப்படியே வரும் — "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது செல்லும் வண்டி, நேற்றே முதலாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்பட்டுவிட்டது!"

சிரிப்பை எதிர்பார்த்துத் திரும்பினேன். மச்சானின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்து, தோள் குலுங்கியது.

ஃபாயிஸா டிவியை அணைத்தாள்.

"போதும் மாமு! மூணு வாரமாப் பாக்குறேன். ஸ்டேஷன் மாஸ்டர் தூங்குவாரு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு அறிவில்ல... இப்ப அவிய குரலையே எடுத்து விளையாடுறீங்க. அத்தாவால பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான பேசுறீங்க?"

இல்லம்மா, பதில் சொல்லணும்னுதான் — என்று தொண்டை வரை வந்தது. நாற்காலியில் நின்றுகொண்டு கையில் டப்பா மூடியோடு ஒருத்தன் என்ன நியாயம் பேச முடியும்? இறங்கினேன். செருப்பை மாட்டினேன். அக்கா வாசல் வரை வந்து, "வண்டிய மெதுவா ஓட்டுடா" என்றாள். அது இன்னும் வலித்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தறி நிறுத்தம். ஒரு பொய்கூடத் தோன்றவில்லை. நான் செய்தது வைத்தியமா, வேடிக்கையா? ரெண்டும் ஒன்றென்று நினைத்தேனா? எனக்குச் சிரிப்பு வந்தால் எல்லோருக்கும் நல்லது என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஃபாயிஸாவுக்கு போன் பண்ணி, பேச்சு டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நான் ஏன் ரயிலை வம்புக்கு இழுத்தேன் என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல மாமு" என்றாள். கோபம் போகவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. "ஆனா அத்தா அழுதாகளே."

ஆமாம். அழுதார். அதற்கு என்னிடம் ஒரு கொள்கையும் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்கா போன் பண்ணி, "கறி எடுத்தாச்சு, வராட்டி தெருவுல கொட்டிருவேன்" என்றாள். போனேன்.

சாப்பிட்டோம். தொடர் போட்டார்கள். தாரிணி 1989 பிளாட்பாரத்தில் அந்தக் காணாமல் போன பெண்ணை நேருக்கு நேர் பார்க்கிறாள். சொல்ல என்னிடம் நூறு கொள்கை இருந்தது. ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. ஃபாயிஸாவும் பேசவில்லை. அக்காகூட வெங்காயத்தை மெதுவாக நறுக்கினாள். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வேட்டைநாய் வந்திருந்தால் பயந்துபோய் வாலைச் சுருட்டியிருக்கும்.

பாதியில் மச்சான் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு என்னவோ தேடியது. நான் பார்க்காத மாதிரி டிவியைப் பார்த்தேன்.

"புளு..."

ஃபாயிஸா நிமிர்ந்தாள்.

"புளுகு... இல்லியா... இன்னிக்கு?"

கத்தி தட்டுகிற சத்தம் நின்றது. அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒருவரும் கிட்டே ஓடவில்லை. ஓடினால் அந்த வார்த்தை பயந்துபோய் உள்ளே போய்விடும் என்று எல்லோருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

ஃபாயிஸாதான் மெதுவாகக் கேட்டாள்: "அத்தா... போன வாரம் மாமு உங்க குரல்ல பேசுனாகளே. நீங்க அழுதீங்கள்ல?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. இடது கையால் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், இது அசையாது என்கிற மாதிரி. பிறகு ரொம்பப் பாடுபட்டு, ஒரு மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினார்:

"சிரிச்சேன்... புள்ள."

முகத்தில் பாதிதான் சிரிக்க முடிந்ததால் நாங்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது! முப்பது வருஷம் என் மச்சான் சிரிப்பதைப் பார்த்த நான், அவர் சிரிப்பு அடையாளம் தெரியாமல் ஒரு வாரம் செத்துப் பிழைத்தேன்.

அப்புறம் நான் விட்ட புளுகுகளை இங்கே எழுதக் காகிதம் காணாது.

ஆகஸ்ட் 30, சனி

மாரிசெல்வி கேட்டாள், "மொதலாளி, ஏன் கண்ணு வீங்கிருக்கு?" வெளுப்புப் பொடி பட்டுவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. என் புளுகில் சுமாரானது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. பள்ளிவாசலில் நெய்ச்சோறு. மச்சான் பள்ளிவரை நடந்து வந்தார். வழியில் பழைய போர்ட்டர் வீரணன் "அய்யா, நல்லாருக்கீகளா?" என்றார். மச்சான் வழக்கம்போல் தலையாட்டப் போனார். நின்றார். "இருக்கேன்" என்றார். கோணலாகத்தான் வந்தது. வீரணனுக்கு அது நேராகத்தான் கேட்டிருக்கும்போல, "அது போதும்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி. யோகேஸ்வரி அம்மா, வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என்னைச் சுட்டிக்காட்டி, "இவன்... பொய்... நான்... திருத்தம்" என்றார். அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். மருத்துவத்தில் என் பெயர் ஏறிவிட்டது!

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று கடைசிப் பகுதிக்கு முந்தையது. தாரிணி காணாமல் போனவளிடம் "நீங்க யாரு?" என்று கேட்கிற இடத்தில் மச்சான் இடது கையைத் தூக்கினார். ஃபாயிஸா ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினாள். எல்லோரும் திரும்பினோம்.

"கனிவான... கவனத்துக்கு" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு... தாரிணிக்கு... அம்மா இல்ல." ஃபாயிஸாவைப் பார்த்தார். "மக. பின்னாடி... பொறக்கப் போற... மக. வழி தவறி... முன்னாடி காலத்துக்கு... போயிட்டா." மூச்சு வாங்கினார். "டோக்கன்... இல்லாம."

ஃபாயிஸா வாயைப் பிளந்தாள். நாலாயிரம் பேர் உள்ள குழுவில் ஒருத்தருக்கும் தோன்றாத கொள்கை. எனக்கே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதற்காக விட்டுவிட முடியுமா? நானும் மச்சான்காரன்தானே? எழுந்து நின்றேன்.

"மச்சான், இதவிடப் பெரிய புளுக நான் என் ஆயுசுல கேட்டதில்ல! மகள்னா மூக்கு எங்க? போட்டோவுல கையில இருந்த கட்டு எங்க? 1989-ல என் தறியே கெடையாது, அப்ப அந்தத் துணி..."

மச்சான் நிதானமாக என்னைப் பார்த்தார். பாதி முகம் சிரித்தது. இப்போது எனக்கு அது தெரியும், தூரத்திலிருந்தே தெரியும்.

"ஏலே ஜமாலு," என்றார், ஒரு எழுத்துக்கூடக் கோணாமல். "செத்த... வாய மூடு. படம் ஓடட்டும்."

மூடினேன். மீதிப் பகுதி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பது நோன்பையும் மொத்தமாகச் சேர்த்துப் பிடித்தாற்போல இருந்தது. அக்கா எதற்கோ அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.