அக்கா வேண்டாமென்ற மின்ட்

புரட்டாதி, செவ்வாய்

அத்தான் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் முடிந்து ஒரு கிழமை. அவர் அடித்துவந்த ரியூசன் வகுப்பு வினாத்தாள்களை இனி அக்காதான் கணினியில் அடிக்க வேண்டும். அத்தானின் கணினியில் விண்டோஸ் பழையதாகிவிட்டதால், லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னாள். லினக்ஸ் வகைகளான மின்ட், உபுண்டு இரண்டையும் பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மின்ட்தான் சுகம் என்றேன்.

"பழசு மாதிரியே இருக்குமோ?"

"ஓம் அக்கா, பெரிசா வித்தியாசம் தெரியாது."

"அப்ப மற்றதைப் போடு. அவர் வச்சிருந்த மாதிரியே கிடந்தா நான் எப்பிடியடா திறக்கிறது?"

அத்தானின் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு உபுண்டுவைப் போட்டேன்.

நிறுத்தும் பொத்தான் இப்போது மேலே, வலப்பக்கம் என்று காட்டிக் கொடுத்தேன். ஆனால் நிறுத்தும்போது அக்காவின் கை பழைய இடப்பக்கக் கீழ்மூலைக்கே போனது. போய் அங்கேயே நின்றது. நானும் அவசரப்படுத்தவில்லை.