லேனா வீட்டுக் கதவில் ஒரு வளையம்

ஆஹென், ஜெர்மனி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்குச் சளிகூட இல்லை, கவலைப்படாதே.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. எதிர்வீட்டு லேனாவின் கதவில் பச்சை இலை வளையம் தொங்கியது. நம் ஊரில் வளையம் எதற்கு வைப்பார்கள்? யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் துக்கம் விசாரிக்கப் போனேன். சிரித்தபடி கதவைத் திறந்தவர் லேனாவின் அம்மா. கிறிஸ்துமஸுக்காக வருடாவருடம் தன் தோட்டத்துக் கிளைகளோடு ரயிலேறி வந்து, மகளுக்கு அவரே வளையம் கட்டித் தருவாராம். லேனா அவர் தோளில் சாய்ந்து நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

"உனக்கும் ஒண்ணு கட்டித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். பொங்கலுக்கு எங்கம்மா வந்து மாவிலைத் தோரணம் கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது லேனா பார்க்கும்போதெல்லாம் நீ வரும் தேதியைக் கேட்கிறாள். நானும் கதவில் கொக்கி ஒட்டிவிட்டேன், அவளுடையதைவிட ஒரு சாண் உயரத்தில்.

மாவிலையை மடித்து ஈர்க்குக் குத்துவாயே, அதை வீடியோ எடுத்து அனுப்பு. இலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உன் கை நன்றாகத் தெரியட்டும்.

பஸ் வந்துவிட்டது.

வைதேகி